பழகும் கைக்கு ஒரு கணினிக் கண்

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானம் படிக்கும் இறுதி வருட மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். "என் அண்ணா சத்திரசிகிச்சைப் பிரிவில் பயிற்சி வைத்தியராக இருக்கிறார். கமராக் காட்சியைக் கணினி விளங்கிக்கொள்ளும் கணினிப் பார்வையையும், உண்மைக் காட்சியின் மேல் கணினி வரைந்து காட்டும் மிகை மெய்மையையும் வைத்து, அவரைப் போன்றவர்கள் கை பழகுவதற்கு ஒரு கருவி செய்ய விரும்புகிறேன். அதற்குத் தலையில் அணியும் ஹொலோலென்ஸ் போன்ற கண்ணாடி வாங்கித்தான் ஆக வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைச் செய்து முடிக்க முடியுமா?"

பதில்:

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் இருந்தே செய்து முடிக்கலாம். கண்ணாடி வாங்காதீர்கள். காரணம் விளங்காமல் தொடங்கினால், இடையில் யாராவது ஒரு பளபளப்பான காணொளியைக் காட்டி உங்கள் மனதை மாற்றிவிடுவார்கள். ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன். நான் பொதுச் சத்திரசிகிச்சை செய்பவன். சில வருடங்களாகப் பயிற்சி வைத்தியர்களுக்கு, வயிற்றுக்குப் பதிலாக ஒரு பெட்டி வைத்துக் கை பழக்குகிறேன். நிரல் எழுதத் தெரிந்த இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, நீங்கள் நினைப்பது போன்ற ஒரு கருவியைச் செய்து, பல இடங்களில் பிழைவிட்டுத் திருத்தியும் இருக்கிறேன்.

முதலில் உங்கள் அண்ணா எதில் கஷ்டப்படுகிறார் என்று பாருங்கள். வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் செய்யும் லப்பரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சையில், வயிற்றுச் சுவரில் 5 முதல் 12 மில்லிமீற்றர் அளவில் சில துளைகள் இடுவோம். காபனீரொட்சைட்டு வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, ஒரு துளையால் கமராவையும் மற்றவற்றால் நீண்ட மெல்லிய கருவிகளையும் உள்ளே விடுவோம். கருவி அந்தத் துளையில் தாங்கி நின்று திரும்புகிறது. கையை இடப்பக்கம் அசைத்தால் நுனி வலப்பக்கம் போகும். கையைத் தாழ்த்தினால் நுனி எழும்பும். தோட்டக் கிணற்றில் துலா மிதித்த தலைமுறைக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்கும். கைத்தொலைபேசியோடு வளர்ந்த கைக்குப் புதிது. அதற்கு மேல், கண் பார்ப்பது தட்டையான திரையை. ஆழம் தெரியாது. கத்தரிக்கோல் திசுவைத் தொட்டுவிட்டதா, ஒரு விரற்கடை தள்ளி நிற்கிறதா என்பதை நிழலையும் அளவையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

நான் பழகிய காலத்தில் ஒரு மாலை, பித்தப்பையைப் பிடித்து இழுத்து வைத்திருக்கும் வேலையை மட்டும் என்னிடம் தந்தார்கள். அரை மணி நேரத்தில் ஆசிரியர் என் கையில் இரண்டு தடவை தட்டினார். வெளியே வந்ததும் "பழகப் பழகச் சரிவரும்" என்றார். எங்கே பிழைவிட்டேன் என்பது எனக்குத் தெரியவில்லை. இழுவையின் திசை பிழையா, இழுத்த அளவு பிழையா, இடையில் தளர்த்தியது பிழையா? கேட்கவும் முடியவில்லை, அடுத்த நோயாளி மேசைக்கு வந்துவிட்டார். நல்ல ஆசிரியர் அவர். அவருக்கு இருந்த வேலையில் அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.

பயிற்சியில் உண்மையில் பஞ்சமாக இருப்பது இதுதான்: கையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்து, எந்தக் கணத்தில் என்ன பிழைத்தது என்று சொல்லும் ஒரு கண். படங்களுக்கும் முப்பரிமாண உருவங்களுக்கும் இப்போது பஞ்சமில்லை. இரவு ஒன்பது மணிக்கு விடுதி அறையில் பெட்டியோடு தனியே பழகும் பயிற்சி வைத்தியருக்குப் பக்கத்தில் எந்த நிபுணரும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கமரா இருக்கலாம். உங்கள் கருவியை அந்த இடத்துக்காகச் செய்யுங்கள்.

மேசைக்கு வெளியே பழகுவது மேசையில் பயன்படுமா என்ற சந்தேகம் நியாயமானது. 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில் பதினாறு பயிற்சி வைத்தியர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். மெய்நிகர் கருவியில் பழகிய குழு, பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்கும் பகுதியை 29 சதவீதம் விரைவாகச் செய்தது. பழகாத குழு பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ கூடிய வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. இன்னொரு ஆய்வு 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்தது. உடற்பருமனுக்கான சத்திரசிகிச்சை செய்யும் இருபது நிபுணர்கள் தலைக்கு ஒரு காணொளி கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமல் சக நிபுணர்கள் புள்ளியிட்டார்கள். கைத்திறனில் கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. முதல் கால்பங்கினரிடம் அது 5.2 சதவீதம். இவர்கள் எல்லோரும் பயிற்சியை முடித்த நிபுணர்கள் என்பதை நினைவில் வையுங்கள். கையின் அசைவைக் காணொளியில் பார்த்தே நோயாளியின் கதியைப் பற்றி ஏதோ சொல்ல முடிகிறது என்றால், அந்தப் பார்வையின் ஒரு பகுதியைக் கணினிக்குப் பழக்குவது வீண் வேலை இல்லை.

இனிக் கருவிக்கு வருவோம். நீங்கள் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு இணையக் கமராக்கள், ஒரு எல்.ஈ.டி விளக்கு நாடா, பழைய மடிக்கணினி. லப்பரஸ்கோப்பிக் கருவிகளை உங்கள் அண்ணா மூலம், பாவனையிலிருந்து நீக்கியவற்றில் இரண்டைக் கேட்டுப் பெறப் பாருங்கள். பெட்டியின் மூடியில் இரண்டு துளையிட்டுக் கனமான இறப்பர் துண்டு ஒட்டினால் அதுவே வயிற்றுச் சுவர். கருவித் தண்டின் நுனிக்கருகே இரண்டு நிறங்களில் ஒட்டுநாடா சுற்றுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். பெட்டியின் அடியில் கணினி அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிகளை அச்சிட்டு ஒட்டுங்கள். சதுரங்கப் பலகை போன்ற தாளைக் காட்டிக் கமராவின் அளவீட்டை, அதாவது படத்தில் தெரியும் தூரத்தை உண்மைத் தூரமாக மாற்றும் கணக்கை, செய்யுங்கள். அது உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கும்.

ஒரு சிறு எச்சரிக்கை. இணையக் கமராக்கள் தாமாகவே குவியத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிக்கொள்ளும். அவ்விரண்டையும் பூட்டிவிடுங்கள். நாங்கள் பூட்ட மறந்ததால், கை சற்றுக் கிட்ட வந்தவுடன் குவியம் மாறி, செய்து வைத்த அளவீடு முழுவதும் பிழைத்துப் போனது. மூன்று வாரம் நிரலில் பிழை தேடினோம். பிழை கமராவில் இருந்தது.

கணினிக்கு உதவும் ஒரு நல்ல கட்டுப்பாடு இந்த வேலையில் இயல்பாகவே உண்டு. துளை நகராது. எந்தத் தண்டும் அந்த ஒரு புள்ளியூடாகத்தான் போக வேண்டும். ஆகவே தண்டின் திசையும் இரண்டு நிறநாடாக்களுக்கிடையே தெரியும் தூரமும் கிடைத்தால், நுனி எங்கே இருக்கிறது என்பதை முப்பரிமாணத்தில் ஓரளவு கணக்கிடலாம். பக்கவாட்டில் வைத்த இரண்டாவது கமரா அந்தக் கணக்கைச் சரிபார்க்கும். நுனியின் இடம் காணொளியின் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிந்துவிட்டால், அது கடந்த பாதையின் நீளம், அசைவின் நடுக்கம், வலக்கை வேலை செய்யும்போது இடக்கை சும்மா கிடந்த நேரம் ஆகியவற்றை எல்லாம் எடுக்கலாம். பழகாத கையை அதிகம் காட்டிக்கொடுப்பது இந்தக் கடைசி அளவு என்பது என் அனுபவம். தொடக்கத்தில் எல்லோருக்கும் இடக்கை மறந்துபோகும்.

பழகும் பொருளுக்கு எங்கும் அலைய வேண்டாம். ஆறு சிறு இறப்பர்த் துண்டுகளை ஒரு பக்க ஆணிகளிலிருந்து எடுத்து, அந்தரத்தில் கைமாற்றி, மறுபக்க ஆணிகளில் போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவருவது உலகெங்கும் செய்யும் பயிற்சி. அது கைக்கு. திசுவை மதிக்கப் பழகுவதற்கு எங்கள் ஊர் முந்திரிகைப் பழத்தை, அதாவது திராட்சையைப் போல ஒன்றும் இல்லை. தோலைச் சதை கிழியாமல் உரிக்கச் சொல்லுங்கள். ஒரு துளி சாறு வழிந்தாலும் இழுவை கூடிவிட்டது என்று பொருள். அடியில் வெள்ளைத் தாளை விரித்து வைத்தால், வழிந்த சாற்றின் கறையைக் கணினியே அளந்துவிடும். தையலுக்கு ஆட்டுக் குடல் நல்லது. திறந்த முறையில் முடிச்சுப் போடப் பழகுவோருக்குக் கருவியில் நாடா சுற்றத் தேவையில்லை. கையின் 21 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் கூகிளின் மீடியாபைப் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணக் கைத்தொலைபேசியிலும் ஓடும். கையுறை போட்டதும் சில வேளை தடுமாறும். அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

இப்போது கண்ணாடி விடயம். மிகை மெய்மை என்பது கண் முன்னால் உள்ள உண்மைக் காட்சியின் மேல் கணினி வரைந்த காட்சியைச் சரியான இடத்தில் பொருத்திக் காட்டுவது. பொருத்துவதில்தான் அத்தனை கஷ்டமும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசைக் கண் காட்டும் இடத்தில் கையை விட்டால் அகப்படாது. பொருத்தம் சில மில்லிமீற்றர் தவறிய மிகை மெய்மையும் அப்படியே, குழாய் இருக்கும் இடத்தைத் தள்ளிக் காட்டும். எலும்பு அசையாது, வளையாது. அதனால் முள்ளந்தண்டில் இது முதலில் பலித்தது. தலையில் அணிந்து முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டும் எக்ஸ்விஷன் கருவிக்கு 2019 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஈரல் அப்படியில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் நகரும். வாயு நிரப்பியதும் உருமாறும். தூக்கிப் பிடித்தால் மடங்கும். காலையில் எடுத்த சிடி ஸ்கான் படத்தை அதன் மேல் ஒட்டி வைப்பது ஓடும் தண்ணீரில் கோலம் போடுவதற்குச் சமன். உங்கள் பெட்டியோ அசையாது. குறிகள் ஒட்டியிருக்கின்றன. மிகை மெய்மை இன்று முழு நம்பிக்கையோடு வேலை செய்யக்கூடிய இடம் பயிற்சி மேசைதான். இதைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கள் கெட்டித்தனமாக நடந்திருக்கிறீர்கள்.

லப்பரஸ்கோப்பி செய்பவர் ஏற்கெனவே திரையைத்தான் பார்க்கிறார். இந்த ஒன்றை யோசித்தால் கண்ணாடி தேவையில்லை என்பது விளங்கும். ஊசி நுழைய வேண்டிய புள்ளியில் ஒரு பச்சை வட்டம், நிபுணர் ஒருவர் முன்பு அதே வேலையைச் செய்தபோது நுனி போன பாதை மெல்லிய கோடாக, இழுவையின் திசை ஒரு அம்புக்குறியாக: இவை எல்லாவற்றையும் அதே திரையில், அதே சட்டகத்தின் மேல் வரைந்துவிடலாம். காணொளி சற்றுத் தாமதித்தாலும் கோடும் அதனோடு சேர்ந்தே தாமதிக்கும்; ஒன்றைவிட்டு ஒன்று விலகாது. கண்ணாடியூடாக உலகை நேரே பார்க்கும்போது உலகம் கணினிக்காகக் காத்திருப்பதில்லை. தலையைத் திருப்பினால் வரைந்த கோடு பின்னால் இழுபட்டு வரும்.

இன்னொன்று. ஹொலோலென்ஸ் தன் உருவங்களை ஏறத்தாழ 2 மீற்றர் தூரத்தில் குவிக்கிறது. வேலை செய்யும் கையோ அரை மீற்றருக்குள் இருக்கிறது. கையைத் தெளிவாகப் பார்த்தால் கோடு மங்கும். கோட்டைப் பார்த்தால் கை மங்கும். அரை மணி நேரத்தில் கண் களைத்துவிடும். ஹொலோலென்ஸ் 2இன் நிறை 566 கிராம். குளிரூட்டி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், வியர்வை வழிய அதைத் தலையில் வைத்துக்கொண்டு முடிச்சுப் போட்டுப் பார்த்தவன் நான். வந்த காலத்தில் அதன் விலை 3,500 அமெரிக்க டொலர். 2024இல் மைக்ரோசொப்ட் அதன் உற்பத்தியையும் நிறுத்திவிட்டது. உங்கள் திட்டத்தை அதில் கட்டியிருந்தால், அது பழுதாகும் நாளில் திட்டமும் நின்றுபோகும். இணையக் கமரா பழுதானால் யாழ்ப்பாண நகரில் அன்று மாலையே வேறொன்று வாங்கலாம்.

திரையில் வரைவதிலும் ஆபத்து உண்டு. 2013இல் ரொறன்ரோவிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. இறந்தவரின் உடலில் மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சைப் பயிற்சி. ஒரு குழுவின் திரையில் மிகை மெய்மைக் கோடுகள். மற்றதில் வெறும் காட்சி. கண்ணெதிரே ஒரு அந்நியப் பொருள் கிடந்தது. கோடுகளோடு வேலை செய்தவர்களில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. கோட்டைப் பார்த்த கண் திசுவைப் பார்க்கவில்லை. ஆகவே உங்கள் கருவியில் கோடுகளை முதல் சில தடவைகளுக்கு மட்டும் காட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மங்கச் செய்யுங்கள். கோடு முற்றாக மறைந்த பின் எடுத்த புள்ளியைத்தான் புள்ளியாகக் கணக்கிட வேண்டும். பிழை நடக்கும்போதே திரையில் சிவப்பு எச்சரிக்கை ஒளிரச் செய்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. கை பதறும். முடிந்ததும் அந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள். அங்கே எழுதும் வசனம் ஒரு ஆசிரியர் சொல்வது போலத் தமிழில் இருக்கட்டும்: "இங்கே இடக்கையின் இழுவையைத் தளர்த்திவிட்டீர்கள்." 1848இல் மானிப்பாய்க்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் கொண்டுவந்த மண் இது. அதற்கான சொற்கள் நம்மிடம் உண்டு.

வேகத்துக்குப் புள்ளி கொடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நேரத்தை அளப்பது சுலபம். அதனாலேயே எல்லோரும் அதை அளக்கிறார்கள். கருவி வேகத்தைப் பாராட்டினால் பழகுபவர் வேகத்தைத்தான் பழகுவார். பித்தப்பைச் சத்திரசிகிச்சையில் மெதுவாகப் போக வேண்டிய ஒரு இடம் உண்டு. பித்தப்பைக் குழாய் என்று நினைத்துப் பொதுப் பித்தக் குழாயை வெட்டிவிட்டால் நோயாளியின் வாழ்க்கையே மாறிப்போகும். லப்பரஸ்கோப்பி பரவிய தொடக்க வருடங்களில் இந்தக் காயங்கள் கூடின. அதற்குத்தான் ஸ்ட்ராஸ்பேர்க் என்ற நிபுணர் 1995இல் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். ஈரலுக்கும் குழாய்களுக்கும் இடைப்பட்ட முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நாரும் முற்றாக அகற்றப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி ஈரலிலிருந்து விடுபட்டிருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் மட்டும் போவது தெரிய வேண்டும். இந்த மூன்றும் தெரியும்வரை எதையும் வெட்டுவதில்லை. திரையில் இவை தெரிகின்றனவா என்று கணினியைக் கொண்டு சரிபார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது. கணினிப் பார்வை சத்திரசிகிச்சைக்குத் தரக்கூடியவற்றில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது இதையே. ஆனால் இது உங்கள் முதல் திட்டமாக வேண்டாம்.

காரணம் தரவு. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உருவாக்கிய கோலெக்80 என்ற தொகுப்பில் 80 பித்தப்பைச் சத்திரசிகிச்சைகளின் காணொளிகள் உண்டு. 13 நிபுணர்கள் செய்தவை. எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, எந்தக் கருவி தெரிகிறது என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஆய்வுக்காக அதைப் பெற்று நீங்கள் பழகலாம், பழகவும் வேண்டும். ஆனால் ஒரு மருத்துவமனையின் கமராவில் பழகிய கணினி, வேறு இடத்தின் வெளிச்சத்திலும் புகையிலும் தடுமாறும். இங்கே நான் அடிக்கடி காண்பது, பல தடவை அழற்சி வந்து சுற்றிலும் ஒட்டிப்போன பித்தப்பைகள். இங்குள்ள நோயாளிகளின் காணொளி வேண்டுமென்றால் அவர்களுடைய சம்மதமும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பலர் மறக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வில்லையைத் துடைக்கக் கமராவை வெளியே எடுப்பார்கள். அந்தச் சில விநாடிகளில் நோயாளியின் முகமும் தாதியின் முகமும் பதிவாகிவிடும். யாரிடமும் கொடுக்கும் முன் அந்தப் பகுதிகளை வெட்டி எடுக்க வேண்டும். பெட்டிப் பயிற்சியில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் நம் நிபுணர்கள் தூரத்திலிருந்து திரையில் கோடு வரைந்து வழிகாட்ட முடியுமா என்றும் உங்களுக்குத் தோன்றக்கூடும். முடியும், புரொக்ஸிமி போன்ற சேவைகள் அதைச் செய்கின்றன. அதைத் திட்டத்தின் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நானே விட்ட பெரிய பிழை. எங்களிடம் ஒன்பது பேரின் காணொளிகள் இருந்தன, ஒவ்வொருவரும் பல தடவை செய்தவை. எல்லாவற்றையும் கலந்து ஒரு பகுதியில் கணினிக்குப் பழக்கி, மறுபகுதியில் சோதித்தோம். பழகியவரையும் பழகாதவரையும் ஏறத்தாழப் பிழையின்றிப் பிரித்தது. சந்தோஷப்பட்டோம். பிறகுதான் விளங்கியது, அது திறமையைப் பார்க்கவில்லை. ஆளை அடையாளம் கண்டிருக்கிறது, கருவியைப் பிடிக்கும் விதத்தையும் கையுறையின் நிறத்தையும் வைத்து. ஒருவரின் காணொளிகள் அனைத்தையும் ஒதுக்கி வைத்து, மற்றவர்களில் பழக்கி, ஒதுக்கியவரில் சோதித்தபோது புள்ளி பாதியாக விழுந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் உருவாகி 2014இல் வெளிவந்த ஜிக்சோஸ் என்ற பயிற்சிக் காணொளித் தொகுப்பில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள். அதிலும் இப்படி ஆளை ஒதுக்கிச் சோதிப்பதைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே முதல் மாதத்தில் கணினிக்கு எதையும் பழக்காதீர்கள். பெட்டியைக் கட்டுங்கள். உங்கள் அண்ணாவையும் அவருடைய நண்பர்களையும் முந்திரிகைப் பழம் உரிக்கச் சொல்லி இருபது காணொளிகள் எடுங்கள். எல்லோருக்கும் ஒரே நிறக் கையுறை. இரண்டு நிபுணர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து, ஒருவருக்கு மற்றவரின் புள்ளி தெரியாமல், 1997இல் ரொறன்ரோவில் வகுத்த ஏழு அம்ச அளவுகோலில் புள்ளியிடக் கேளுங்கள்: திசுவை மதித்தல், அசைவின் சிக்கனம், கருவியைக் கையாளுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி. பெட்டியில் உதவியாளர் இல்லை என்பதால் உதவியாளரைப் பயன்படுத்தும் அம்சத்தை விட்டுவிடலாம். இரண்டு பேரின் புள்ளிகளும் ஒத்துவராவிட்டால் நீங்களும் அவர்களுமாக மூவரும் ஒன்றாக இருந்து, அந்த இருபதையும் மறுபடி போட்டுப் பார்த்துக் கதையுங்கள். இரண்டு நிபுணர்கள் உடன்படாத ஒன்றைக் கணினி கற்றுக்கொள்ள முடியாது. அந்த உரையாடலை எழுதி வையுங்கள். திரையில் பிறகு காட்ட வேண்டிய வசனங்கள் அதில்தான் இருக்கும். பெட்டியின் துளைகளுக்கிடையிலான தூரத்தையும் கமராவின் சாய்வையும் கேட்டு எழுதினால், எங்கள் பெட்டியின் அளவுகளை அனுப்பிவைக்கிறேன்.